பசையால் மூடியது

ஒரு திருகாணியாவது வைத்திருக்கலாம்.
ஒரு கொக்கி, ஒரு கீறல்,
நகம் நுழைய ஒரு பிளவு.
முட்டைக்குக்கூட உள்ளிருந்து உடைக்க
ஓர் அலகு உண்டு.
இதைச் செய்தவன்
இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவுகட்டிவிட்டுத்தான்
பசை தடவியிருக்கிறான்.

உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கடைக் கண்ணாடியின் உட்புறமே உறைந்து கிடக்கிறது.
இந்த மாதம் முழுக்க எனக்கு இடது காதுகளாகவே வருகின்றன.
பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது செத்துப்போனதாம்,
எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.
குளிர் ஏன் பக்கம் பார்த்துக் கடிக்கிறது, தெரியவில்லை.
யாரும் திரும்ப வந்து கேட்காதவற்றை
ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைக்கிறேன்:
இருபத்தாறு இடது, ஒன்பது வலது.
உயிருள்ள ஒன்றையும் உயிருள்ள இன்னொன்றையும்
சேர்த்துவைத்துப் பார்த்தேன்.
சிவப்பாய் மினுக்கி மறுத்துவிட்டன.
பத்துப் பொருத்தமும் பார்ப்பவை.

எழுபது டிகிரியில் பசை இளகாது.
எண்பதைத் தாண்டினால் பேட்டரி உப்பும்.
நடுவிலுள்ள அந்தப் பத்து டிகிரியில்தான்
நான் வாடகை கட்டுகிறேன்.

சாயங்காலம் நர்மந்தாக் வந்தாள்.
வங்கியின் புகார் எண்ணில் வேலை.
கையுறையைக் கழற்றாமலே
உள்ளங்கையைத் திறந்து காட்டினாள்:
வெள்ளையாய், பால்பல் மாதிரி.

எவ்வளவு ஆகும் என்றாள். சொன்னேன்.
புதுசே அவ்வளவுதானே என்றாள்.
ஆமாம் என்றேன்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
வேண்டாம் என்று போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்,
நினைத்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன்.
முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சூடு. பொறுமை. கத்தி முனை.
மூச்சு விட்டால் பறந்துவிடும் வலைக்கண்ணில்
யாரோ ஒருவரின் மூன்று வருடக் காதழுக்கு.
(அவளுடையதுதான். இருந்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.)
ஓடு ஒரு பக்கம் விரிசல் விட்டது,
அது போகட்டும்.
பட்டாணி அளவு பேட்டரியைக் கிளப்பி
வேறொன்றை வைத்துப் பற்றவைத்தேன்.
வைக்கும்போது
இமைமுடி கனத்தில் ஒரு நாடா,
ஒலி போகிற ஒரே வழி,
டிக் என்றுகூடச் சொல்லாமல்
அறுந்தது.

இருபது வருடமாக இதைச் செய்கிறேன்.
அறுந்த பிறகு வாடிக்கையாளர் முகத்தை எப்போது பார்ப்பது என்பதை
இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

விளக்கு எரிகிறது, போனோடு சேர்கிறது,
சத்தம் மட்டும் வராது, என்றேன்.
காசு வேண்டாம்.

விளக்கு எரிகிறதா? என்றாள்.
எரிகிறது.
வெளியிலிருந்து பார்த்தால் தெரியுமா?
தெரியும்.

அப்புறம்தான் சொன்னாள்.
காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை
ஒரு நாடே அவள் காதுக்குள் கத்துகிறது:
கார்டை விழுங்கிய இயந்திரம்,
வராத பென்ஷன், இரண்டு முறை பிடித்த வட்டி.
வீடு திரும்பும் ட்ராலி பஸ்ஸில்
இரண்டையும் மாட்டிக்கொள்வாள்.
ஒன்றும் ஓடாது. ஒரு பாட்டும் இல்லை.
யாரும் பேச வராமல் இருக்க
இரண்டு நீலப் புள்ளிகள், அவ்வளவே.
முந்தாநாள் இடது அணைந்துவிட்டது.
கீழ்வீட்டு பத்துல்கா கண்டுபிடித்துவிட்டார்,
ஆறு நிறுத்தம் முழுக்க
தன் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னார்.

விரிசலில் மட்டும் ஒரு சொட்டுப் பசை விட்டுக் கொடுத்தேன்.
முழுக் கூலியையும் வைத்துவிட்டுப் போனாள்.
அதை எடுத்துக்கொண்டது சரியா என்று
இன்னும் யோசிக்கிறேன்.

கடை மூடும் நேரம்.
டப்பாவிலிருந்து இரண்டு செத்தவற்றை எடுத்து
என் காதில் வைத்துப் பார்த்தேன்.
தூரத்தில் ஹீட்டர்.
கிட்டத்தில், எனக்குள்ளே எங்கோ,
தண்ணீர்க் குழாய் மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.
நன்றாகத்தான் இருந்தது.

மேஜைக்கு எதிரே ஒருவர்
இரண்டாவது முறையாக எதையோ கேட்டார்.
கழற்றினேன்.
இடதா? என்றேன்.
வலது, என்றார்.
எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.