ஐம்பது சொற்களுக்குள்

பிப்ரவரி வந்தால் என் வேலை தொடங்கிவிடும்.
தொண்ணூற்று நான்காம் வருடத்துச் சட்ட வகுப்புக்குச் செயலர் நான்,
வேறு யாரும் நிற்காத தேர்தலில் ஜெயித்தவள்.
ஒமாஹாவின் தெருக்களை
பனி வாரும் வண்டிகள் விடியுமுன் சுரண்டிக்கொண்டிருக்க
சமையலறை மேசையில் உறைகளைப் பிரிக்கிறேன்.
ஆளுக்கு ஐம்பது சொல்.
மீறினால் கத்தரி என் கையில்.

லைல் செர்வெனி நீதிபதி ஆகிவிட்டான்.
நாற்பத்தொன்பது சொல்லில் அதைச் சொல்லிவிட்டு
மிச்சமிருந்த ஒன்றில் நன்றி என்கிறான்.
ஒப்பந்தச் சட்டப் பரீட்சையன்று
ஆண்கள் கழிவறைக்குள் நுழைந்து
வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.
அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கோரின் ஆஸ்டர்ஹோம்
போன வருடம் மூத்த பங்குதாரர்.
இந்த வருடம்,
'விலகிவிட்டேன், தேனீ வளர்க்கிறேன்.'
அந்தக் கமாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அச்சகத்தில் யாரும் பிடுங்கிவிடாதபடி
பென்சிலால் வட்டமிட்டேன்.

ரோஸ்கோ டில்லார்ட் இன்னும்
காசில்லாதவர்களுக்கு அரசு தரும் வக்கீல்.
எண்பத்தேழு கட்சிக்காரர்கள், ஒரே கோட்டு.
'பழைய விலாசம், பழைய மனைவி, புது முழங்கால்.'
ஆறே சொல்.
மீதி நாற்பத்துநாலையும்
தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடு என்று
ஓரத்தில் கிறுக்கியிருந்தான்.
சிரித்துவிட்டு வைத்தேன்.

கடைசி உறை சாண்ட்ஹில்ஸ் பக்கத்திலிருந்து.
கோடு போட்ட தாள், நீல மை,
ட்வைலா ஹாஸ்கெட் என்று கையெழுத்து.
டேல் நவம்பரில் இறந்துவிட்டார் என்கிறாள்.
பார் தேர்வில் நாலு முறை தோற்றபின்
டிராக்டர் காப்பீடு விற்றாராம்.
உங்கள் பக்கம் வந்ததும்
சாப்பாட்டு மேசையில் உரக்கப் படிப்பார்,
லைலுக்கு இன்னொரு பதவி, போ, என்பார்.
பிறகு அடியில் 'தகவல் இல்லை' பட்டியலில்
தன் பெயரை விரலால் தேடிக் கண்டுபிடித்து
'இருக்கிறேன்' என்பார்.

இருபத்தொன்பது வருடம்
அந்தப் பெயரை அங்கே தட்டச்சு செய்தவள் நான்.
ஒரு தடவையும் போன் செய்ததில்லை.
சொத்துச் சட்ட வகுப்பில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தவன்,
பேனா கடன் கேட்டால் இரண்டாய்த் தருவான்.

இன்னும் ஒரு வரி இருந்தது:
ஊர்க்காரர்களின் உயிலும் குத்தகைப் பத்திரமும்
இரவில் அவர்தான் எழுதிக்கொடுத்தார், காசு வாங்காமல்.
இது குற்றமா, சொல்லுங்கள்.

குற்றம்தான்.
உரிமமில்லாமல் வக்கீல் தொழில் பார்ப்பது.
பேனாவால் அந்த வரியை அடித்தேன்.
எழுந்துபோய்க் காப்பி போட்டேன்.
திரும்பி வந்து
புதுத் தாளில் முழுவதும் எழுதினேன்,
அடித்த வரியையும் சேர்த்து.
லைல் படிப்பான். படிக்கட்டும்.
செத்தவன்மேல் வழக்கு நில்லாது.

எண்ணிப் பார்த்தேன், தொண்ணூற்றேழு சொல்.
அவன் பங்கு ஐம்பது, ரோஸ்கோ தந்தது நாற்பத்துநாலு.
மூன்று உதைத்தது.
என் பங்கிலிருந்து எடுத்துக்கொடுத்தேன்.

எனக்கென்று நாற்பத்தேழு சொல் நிற்கிறது இப்போது.
விவாகரத்துக்கு ஒன்று போதும்.
மகள் டென்வரில் இருப்பதற்கு மூன்று,
அவள் பேசாததற்கு எத்தனை வேண்டுமென்று தெரியவில்லை.
மக்காச்சோள விவசாயிகளின் பாகப்பிரிவினையில்
அண்ணன் தம்பிகளை ஒரே மேசையில் உட்காரவைக்கிறேன்,
அது நன்றாக வரும் எனக்கு.
ஆனால் எழுத உட்கார்ந்தால்
எதிர்த்தரப்பும் நானே, சாட்சியும் நானே.
வருடாவருடம் என் வழக்கில்
வாய்தா கேட்கிறேன்.
வருடாவருடம் கிடைத்துவிடுகிறது.

டேலின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.
மேலே இருந்தவரும் கீழே இருந்தவரும்
ஒட்டிக்கொண்டார்கள்.
தபால்காரர் வர ஒரு மணி நேரம் இருக்கிறது,
அதற்குள் வாசலில் பனி வார வேண்டும்.
ட்வைலாவின் எண் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது.