ஐநூற்றுப் பன்னிரண்டு

ஐநூற்றுப் பன்னிரண்டு யூனிட் என்று
அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு
சாயல்குடிக்குத் திரும்பிப் போனார் கணக்கெடுப்பவர்.
ஐநூறோடு நின்றிருந்தால் ஒரு விலை.
பன்னிரண்டில் கால் தடுக்கி
வேறொரு விலைக்குள் விழுந்திருந்தோம்.

பஹ்ரைனிலிருந்து இன்னாசி கேட்டார்:
"நீயும் பிள்ளையுந்தானே இருக்கீங்க,
யாருக்கு எரியுது இவ்வளவு?"
நியாயமான கேள்வி.
எனக்கும் பதில் தெரியவில்லை.

முதல் சந்தேகம் பிரிட்ஜ் மேல்.
பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடினேன்.
நழுவித் தரையில் விழுந்தது.
பணம் போகும் வழியைப் பணமே காட்டியது.
உப்புக்காற்று தின்ற ரப்பர்,
கீழ்ப்பக்கம் வாய் பிளந்து கிடந்தது.
எத்தனை வருஷமாய்
மூக்கையூர் மொத்தத்துக்கும் குளிரூட்டிக்கொண்டிருந்தேனோ.
கடல் ஒரு நன்றி சொல்லவில்லை.

ரப்பர் மாற்ற வந்த பையன்
சுவரோடு ஒட்டியிருந்த பிரிட்ஜை
ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டான்.
"அதுவும் மூச்சு விட வேணாமாக்கா?"
பின்னால் கிடந்தன
ஒரு செத்த பல்லி,
ஜெனோவா தொலைத்துவிட்டு அடி வாங்கிய காம்பஸ்.

அன்று ராத்திரி அவள் தூங்கியபின்
ஒவ்வொன்றாய் அணைத்தேன்.
டிவி, அதனடியில் கண் மூடவே மூடாத பெட்டி,
போனில்லாமல் தொங்கிய சார்ஜர்.
பிரிட்ஜையும் பிடுங்கிப் போட்டேன்.
மின்விசிறி நின்றதும்
புழுக்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.
கரையேற்றிய வள்ளம்போல் கிடந்தது வீடு.
மீட்டர் மட்டும்
சிவப்பாய்க் கண் சிமிட்டியது.

ஒரு மங்கள வார்த்தை சொன்னேன்.
ஆமென் சொல்லும்போது மறுபடி சிமிட்டியது.
இன்னொன்று சொன்னேன்.
ஆமெனுக்கு ஒரு சிமிட்டல், பிசகாமல்.
ஜெபத்தை இப்படிக் கடிகாரமாக்கியதற்கு
மாதா மன்னிக்கட்டும்.

வயரைத் தடவிக்கொண்டே
வெளிப்படி வழியாய் மொட்டைமாடிக்கு ஏறினேன்.
தொட்டிக்கு மேலே, கம்பியில்,
தகரக் குடைக்குள்
அறுபது வாட் குண்டு பல்ப்.
வள்ளம் ஓட்டிய காலத்தில் இன்னாசி கட்டியது.
அவர் போய் மூன்று வருஷம்.
சுவிட்ச் துருவேறி இறுகி
பகலிலும் எரிந்திருக்கிறது.
வெயிலில் யார் பார்த்தார்கள்?

முந்தானையால் பிடித்துத் திருகினேன்.
கீழே வந்து
எட்டு மங்கள வார்த்தை சொன்னேன்.
மீட்டர் கண்ணையே திறக்கவில்லை.
அப்படியொரு சந்தோஷம்.

விடியுமுன் கதவைத் தட்டினார் கயித்தான்,
முழங்காலில் சிராய்ப்போடு.
"கோயில் சிலுவையும் உங்க பல்பும்
ஒரே நேரா வந்தாத்தானே வாய்க்கால்.
நேத்து சிலுவை மட்டும் நிக்குது.
பாறையில உரசிட்டேன்.
என்ன கண்றாவி பல்போ, மாசம் ஒண்ணு போகுது.
நாந்தானே வாங்கி வாங்கி மாட்டுறேன்."

நீங்களா?

"பதினோரு வள்ளமும் அதைப் பாத்துத்தான் வருது."

ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன்.
தலையைச் சொறிந்தார்.
"நட்சத்திரத்துக்குச் சொல்லிட்டா பாக்குறோம்?"

பல்புக்கு அவர் அழுதார், கரண்டுக்கு நான்.
இரண்டு பேரும் சேர்ந்து
சூரியனுக்கு வெளிச்சம் காட்டியிருக்கிறோம்.

இப்போது ஒன்பது வாட் எல்.இ.டி.
நீர் புகாத மூடி, புது சுவிட்ச்.
பாதிக் காசு கயித்தான் கொடுத்தார்,
மீதிக்கு ஒரு கூறு நகரை.
மறுபடியும் எல்லாவற்றையும் அணைத்து எண்ணினேன்:
ஆறு மங்கள வார்த்தை, ஏழாவதில் பாதி.
அதன்பிறகுதான் சிமிட்டியது.

அடுத்த கணக்கு முந்நூற்று எழுபத்தெட்டு.
இன்னாசியிடம் சொன்னேன்.
"மாடி பல்பைக் கழட்டிட்டியா?"
மாற்றினேன் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவர் பக்கம் ஏதோ பெரிய ஏசி உறுமிக்கொண்டிருந்தது.
"கடல்லேர்ந்து தெரியுதாமா?"