பன்னு

விடியக்காலம் ஐந்தரைக்கு உன் போன் வரும்.
அங்கே ஒன்பது மணி, பத்து நிமிச ஓய்வு.
நண்டுக் கம்பெனி வேன் எனக்கு ஆறு மணிக்கு.
"சாப்பிட்டியா?" என்பேன்.
"பன்னு" என்பாய்.

அவ்வளவுதான்.
ரெண்டு வருசம், நாலு மாசம்
யாய்சு என்கிற ஊரிலிருந்து தங்கச்சிமடத்துக்கு
வந்த சாப்பாட்டுச் சேதி அது ஒன்றே.

பன்னு என்றால் எனக்குத் தெரிந்தது
காதர் கடைக் கண்ணாடிப் பெட்டியில்
உள்ளே மாட்டிய ஈயோடு கிடக்கும் பன்னு.
காய்ச்சல்காரனுக்கு டீயில் நனைத்துக் கொடுப்பது.
ஒரு துண்டு மீனில்லாவிட்டால்
சோற்றை முறைக்கிறவன் நீ.
மீன் கம்பெனியிலேயே நின்றுகொண்டு
வெறும் பன்னைத் தின்கிறாயே என்று
நண்டுக்கால் உடைக்கும்போது அழுதிருக்கிறேன்.
மெர்சலின் கேட்டால், ஓடு குத்திடுச்சு என்பேன்.
மாசம் ஒரு மெழுகுதிரி, மாதாவிடம் ஒரே வேண்டுதல்:
அவருக்கு ஒரு குழம்பு கிடைக்கட்டும்.

கச்சான் அடிக்கிற மாசத்தில் வந்தாய்.
வந்த மூன்றாம் நாள்
மைதா, ஈஸ்ட், முட்டை வாங்கிக்கொண்டு
அடுப்படிக்குள் நுழைந்தாய், கல்யாணமாகி முதல்முறை.
காதர் கடை ரஸ்க்கைத் துண்டில் முடிந்து
குழவியால் நசுக்கச் சொன்னாய்.
"உள்ளே வைக்கக் குழம்பு வேணும்.
அசையக் கூடாது. கரண்டியில நிக்கணும்."
நின்றால் அது குழம்பா?
நான் சுறாப்புட்டு வைத்துக் கொடுத்தேன்,
என் மிளகாய்ப்பொடி, என் பூண்டு.

வலைக்கண்ணைப் பொத்துகிற விரல்களால்
மாவின் வாயைக் கிள்ளிக் கிள்ளி மூடினாய்.
காற்று மணலைக் கொண்டுவந்து போட்டது.
ஜோவிட்டா கதவைச் சாத்தினாள்.
"மூடின வாய் கீழ பாக்கணும்" என்று
எண்ணெயில் விட்டாய்.
முதலாவது வெடித்தது.
சட்டி முழுக்கச் சுறா.
அபின் கைதட்டினான்.

ரெண்டாவது உப்பிக்கொண்டு வந்தது,
மேலெல்லாம் ரஸ்க்குத் தூள்,
கருவாட்டுக் கொட்டகைத் தகரம்போலச் சிவந்து.
"ஜப்பான் போண்டா" என்றான் பயல்.

பிட்டேன். ஆவி. பிறகு கறி.

"இதுவா பன்னு?"
"இதான். அங்க மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு,
லேசா இனிக்கும். கையுறையைக் கழத்துனதும்
முதல்ல விரலுக்குச் சூடு, அப்புறம்தான் வாய்க்கு."
"இதுக்குப் பேரு?"
"கரே பான்."
"கரேன்னா?"
"நம்ம கறிதான்."

கறியைத் தின்றுவிட்டு
பன்னை மட்டும் எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

சிரிப்பதா, சட்டகப்பையை எடுப்பதா தெரியவில்லை.
இருபத்தெட்டு மெழுகுதிரி.
மாதாவிடம் போய்க் காசைத் திருப்பிக் கேட்க முடியுமா?
"கறிப்பன்னுன்னு சொன்னா
கூட ரெண்டு எழுத்து, ரெக்சன்!"
"பத்து நிமிசம்தான்டி லீவு."

மிச்சத்தைக் கடித்தபோது கவனித்தேன்,
கறிக்கும் தோலுக்கும் நடுவே
விரல் நுழைகிற அளவு காலி.
"இது என்ன, ஏமாத்து?"
"ஆவி தள்ளுற இடம். எல்லாத்துலயும் இருக்கும்."

நான் மென்று முடித்தேன்.
"நல்லாருக்கேன்னும் சொல்லுவீங்களே
தினமும், பன்னுக்குப் பிறகு.
அதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

நீ அடுப்பைக் குறைத்தாய்.
குறைக்கத் தேவையே இல்லை,
காற்றே அதைப் பாதி குறைத்திருந்தது.
கரண்டியால் ஒன்றைத் திருப்பினாய்,
திருப்பினதையே மறுபடி திருப்பினாய்.

ஜோவிட்டா தட்டை எண்ணினாள்:
"நாலு நல்லாருக்கு.
மூணு வாய் பொளந்துருச்சு."

பிளந்ததில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.
எண்ணெய் குடித்திருந்தது.
ஓரமெல்லாம் கருகல்.
நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.
அதில் பாதி கேட்டாய்.