கச்சான் எழும்புமுன்

பதினொன்றரைக்குப் பிறகு ஒருவரையும் ஏற்றமாட்டான் பஸ்மில்.
கூட்டித் தருகிறோம் என்றாலும்
"கடலுக்கு உங்கட காசு தெரியாது சேர்" என்பான்.
நிலாவெளியில் அவன் படகுக்குப் பெயரில்லை, இலக்கம்தான்.
பலகைக்கு அடியில் எட்டு உயிர்காப்பு அங்கி.
ஒன்பதாவது, வெயிலில் வெளிறிப்போனது, அவன் மேலேயே.
எட்டுக்கு மேல் எண்ணத் தெரியாதவன்.

நாங்கள் ஒன்பது பேர் போயிருந்தோம்.

சீட்டுக் குலுக்கினோம்.
கரையில் நின்றது விதுர்ஷனின் மைத்துனன் கேதாரன்.
கையசைக்கவில்லை.

புறாமலை தூரமில்லை.
மலை என்ற பெயர்தான், ஏறி முடிக்க ஒரு பாட்டு நேரம் போதும்.
ஆனாலும் அடியில் நிற்பாட்டிச் சொன்னான்:
"அந்தப் பக்கப் பாறையில முட்டை இருக்கு. செல்பிக்கு அங்க போகாதீங்க."
துவாரகா கிரீமை எடுத்தாள். அதையும் வாங்கி வைத்துவிட்டு
நீளக்கைச் சட்டை ஒன்றைக் கொடுத்தான், மீன்வாசத்தோடு.

பிறகு நீருக்குள் முகத்தை வைத்தேன்.

எனக்கு அதை எழுத வராது.
கச்சேரியில் கோப்பு எழுதுகிற கை.
நீலம் என்று ஒரு நிறம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.
மான்கொம்பு முருகைக்கல், கிளைக்குக் கிளை,
ஒவ்வொன்றின் நுனியிலும் விரல்நகம்போல ஒரு வெளிச்சம்.
கோட்டை வாசலில் சொப்பிங் பை மெல்லும் எங்கள் மான்கள்
கொம்பை இங்கேதான் கழற்றி வைத்தனவோ
என்று நினைத்து முடிக்கவில்லை,

ஒரு குட்டிச் சுறா.
முழங்கை நீளம். என்னைப் பார்க்கவும் இல்லை.
தன் பாட்டில் போனது.

நான்தான் நிலம் தேடிக் காலை ஊன்றினேன்.

அப்பளம் நொறுங்கும் சத்தம்.
தண்ணீருக்குள் சத்தம் கேட்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

மேலே வந்தபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
பஸ்மில் சிரிக்கவில்லை. மேற்கே பார்த்தான்.
தென்னை ஓலைகள் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன.
"கச்சான் எழும்புது. ஏறுங்க."
இன்னும் பத்து நிமிசம் என்றோம்.
அவன் நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருந்தான்.

கரைக்காற்றுக்கு ஒரு கள்ளப் பழக்கம்.
கரையோரக் கடலை இஸ்திரி போட்டுவிடும்,
அலை இல்லை, குளம் மாதிரி, வா வா என்னும்.
வந்தவனைத் தள்ளிக்கொண்டே போகும்.

பாதி வழியில் துவாரகாதான் கண்டாள்,
றோஸ் நிறத்தில் ஒன்று,
வங்காள விரிகுடாவை நோக்கி, மிக மரியாதையாக.

அன்னம். காற்றடித்த அன்னம்.
அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேதாரன்.
ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு மணித்தியாலம் எடுத்தானாம்.
"சும்மா மிதந்தனான்" என்றான்.
உதடு வெடித்திருந்தது.
படகின் விளிம்பைப் பிடித்த கையை
இரண்டு பேர் சேர்ந்து விடுவிக்க வேண்டியிருந்தது.

பஸ்மில் ஒன்றும் பேசவில்லை.
தன் அங்கியைக் கழற்றி அவனுக்குப் போட்டு
வாரை இழுத்து இழுத்துப் பூட்டினான்.
அன்னத்தின் மூடியைத் திறந்தான்.
அது பெருமூச்சுவிட்டுச் சரிந்தது.
"கொண்டுபோவம். ஆமை தின்னும் இதை" என்று
மடித்து அதன்மேலேயே இருந்து சுக்கானைப் பிடித்தான்.
ஒன்பது பேரையும் ஒருமுறை எண்ணினான்,
வாய்விட்டு, தப்பாமல்.

கரை வரும்வரை கேதாரனுக்கு ஏச்சு.
விதுர்ஷன் ஏசினான், துவாரகா ஏசினாள்,
சுறாவைக் கண்டு கத்திய கதையை மறந்து எல்லாரும்.

நான் ஏசவில்லை.
என் உள்ளங்காலில் ஒரு கீறல், உப்புப் பட்டு எரிந்தது.
அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டு
கடலைப் பார்த்தேன்,
கோப்பில் பிழைவிட்ட ஆள்
ஜன்னலைப் பார்ப்பதுபோல.

இறங்கும்போது பஸ்மில் என் காலைப் பார்த்தான்.
"தேசிக்காய் பூசுங்க. ஒரு கிழமையில ஆறிடும்" என்றான்.
பிறகு, கயிற்றைச் சுற்றியபடி,
"உங்கடது."