பொய்க்குத்து

புதன்கிழமைக் கிளினிக்கில்
எத்தனை வயிறு இந்தக் கையால் தடவியிருப்பேன்.
தலை இறங்கிட்டுது, மூச்சு இனி லேசாகும்.
மூத்திரம் அடிக்கடி முட்டும்.
சிவப்பிழை ஓடின சளிபோல வரும், பயப்படாதையும்.
நடக்க அடங்கினால் பொய்,
நடக்க நடக்க ஏறினால் மெய்.
தண்ணி உடைஞ்சால் நேரம் பாராதையும்.
பிள்ளையின்ரை துடிப்புக் குறைஞ்சால்
எனக்கு ஃபோன் அடிச்சுக் காத்திராதையும்,
வெளிக்கிடும்.

வாய்ப்பாடு போல ஒப்புவிப்பேன்.
பேனை கொப்பியில் வேறேதோ எழுதிக்கொண்டிருக்கும்.

இன்றைக்கு என் வயிறு.
முப்பத்தெட்டு வாரமும் நாலு நாளும்.
காலையில் குசினி அலுமாரியை இரண்டு தரம் துடைத்தேன்.
செத்தல்மிளகாய்ப் போத்தலை எடுத்து
மல்லிப் போத்தலின் இடத்தில் வைத்தேன்,
பிறகு திருப்பி வைத்தேன்.
அப்போதே பிடிபட்டிருக்க வேண்டும்.

நாரியில் தொடங்கியது.
மத்தியானம் தின்ற மரவள்ளி என்றேன், சுவருக்கு.
எட்டு இருபதுக்கு ஒன்று.
எட்டு முப்பத்தேழுக்கு.
எட்டு நாற்பத்தைந்துக்கு.
பிறகு நெடுநேரம் ஒன்றுமேயில்லை.
கரண்ட் பில்லின் பின்பக்கம் குறித்தேன்.
கிணற்றடிவரை போய்க் கேற்றடிவரை வந்தேன்.
அடங்கினது மாதிரி இருந்தது,
அடங்காதது மாதிரியும்.
நான் படித்த புத்தகத்தில்
இந்த 'மாதிரி' இல்லை.

கேதீஸ் எடுத்தார்.
கொழும்பு பஸ்ஸை முறிகண்டியில் நிறுத்தியிருக்கிறாராம்,
சனம் தேங்காய் உடைக்குதாம்.
"கச்சான் வாங்கவோ?"
வாங்குங்கோ என்றேன்.
ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவரிடம்
ஒரு சந்தேகத்தை எங்கே இருத்துவது.

போன மாசி, நிறோஜினி மூன்று தரம் வந்தாள்.
மூன்று தரமும் பையோடு;
பைக்குள் குட்டித் தொப்பி, துவாய், சுடுதண்ணிப் போத்தல்.
"பொய்க்குத்துப் பிள்ளை, போய்ப் படும்."
மூன்றாம் தரம் சிரித்தும்விட்டேன்.
நாலாம் தரம் அவள் வரவில்லை.
வெட்கத்தில் வீட்டோடு கிடந்து,
கடைசியில் ஏறி,
ரெயில் கடவையில் கேற் விழுந்திருக்க,
மெயில் போகட்டும் என்று நின்ற ஓட்டோவுக்குள்
பெற்றாள்.
இரண்டு பேரும் சுகம்.
பிறந்த இடம் என்ற கோட்டில்
'வழியில்' என்று எழுதியது நான்தான்.

வெளியிலிருந்து தடவும்போது
மெய்யும் பொய்யும் வேறுவேறாய்த்தான் தெரிந்தன.

பத்து ஐம்பதுக்கு வந்ததை
பில்லில் எழுதவில்லை.
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மிட்வைஃப் பொய்க்குத்தோடு வந்து நிற்கிறா என்று
வாட்டில் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும் என்று நினைக்க
இன்னும் இரண்டு குத்துத் தேவைப்பட்டது.

ஃபோனில் இருந்த ஒரே ஓட்டோ நம்பர்
பிரதாபனுடையது.
நிறோஜினியின் மனுசன்.

ஏழு நிமிடத்தில் வந்தான்.
பின் சீற்றில் ரெக்சீன், அதன்மேல் துவாய்.
"அண்டைக்குப் பிறகு இதை எடுக்கிறேல்லை, மிஸ்."
பையை வாங்கினான்.
"மெய்க்குத்தோ?"
"தெரியேல்லை" என்றேன்.
பதினொரு வருச சேவையில்
இந்தச் சொல்லை யாருக்கும் சொன்னதில்லை.

"தெரியாட்டில் என்ன, ஏறுங்கோ.
பொய்யெண்டால் திருப்பிக் கொண்டந்து விடுறன்."

கடவையில் கேற் நிமிர்ந்திருந்தது.
ஆனாலும் அவன் ஒருக்கால் நிறுத்தி,
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தான்.