ஏழாம் மடை

தளவாய், வயது நாற்பத்து நான்கு,
பாளையங்காலில் லஸ்கர்.
தருவைப் பக்கம் பத்து மடைகள் அவர் பொறுப்பு.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து என் மேசைக்கு வந்தது
அவர் சிறுநீரகத்தின் ஒரு நூல்துண்டு.
அரிசிமணி அகலம்கூட இல்லை.

மைனஸ் எண்பதில் உறையவைத்து,
பிறகு கரைத்து,
அதற்குள் ஓடிக்கொண்டிருந்த சேதிகளை
ஒவ்வொன்றாய் எண்ணினேன்.
திரையில் கட்டம் கட்டமாய் விரிந்தது:
சிவப்பென்றால் உரக்கப் பேசும் மரபணு,
பச்சையென்றால் வாயடைத்தது.

நெஃப்ரின் பச்சை.
பொடோசின் பச்சை.
வடிகட்டியின் கண்ணிகளைக் கட்டிக்காக்கும் இரண்டும்
வேலைக்கு வருவதைக் குறைத்திருந்தன.
கொல்லாஜனோ அடர்சிவப்பு,
யாரும் கேட்காத இடத்தில்
இராப்பகலாய்ச் சுவர் எழுப்பிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை, மின்விசிறி ஓடாத அறை.
மனைவி பூரணத்தோடு வந்தவர்
அந்தக் கட்டங்களை
வெகுநேரம் பார்த்தார்.
"எங்கய்யாகிட்டருந்து வந்த எழுத்து
தப்பாப் போச்சாக்கும்?"
எழுத்து அப்படியேதான் இருக்கிறது,
வாசிப்புதான் மாறிவிட்டது என்றேன்.

"சுகர் எட்டு மாசமா கட்டுக்குள்ளதான இருக்கு மேடம்.
இன்னும் என்னத்துக்கு நுரை வருது?"

வளர்சிதை நினைவு என்று எழுதியிருக்கிறேன்
ஆய்வேட்டின் அறுபத்திரண்டாம் பக்கத்தில்.
ஆறு மேற்கோள்களோடு.
அவர் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லை
எடுக்க முடியவில்லை.

அவர் என்னிடம் சொல்லவில்லை,
பூரணத்திடம்தான் சொன்னார்:
"நம்ம ஏழாம் மடை இருக்குல்லா.
ஐப்பசி வெள்ளத்துல தண்டு வளைஞ்சுது.
வெள்ளம் வடிஞ்சு அஞ்சு வருசம்.
எவ்வளவு திருகுனாலும்
நாலு விரக்கடை மூட மாட்டேங்கு.
கீழ வயல்ல நெல்லு போயி
இப்பம் பூராம் கோரை."

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.
"மண்சாக்கு வச்சு அடைக்கேன்.
காலைல ஒருக்க, ராத்திரி ஒருக்க.
அம்புட்டுதான்."

மாத்திரைச் சீட்டை நீட்டினேன்.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
இரண்டாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
மடைச் சாவியின் பக்கத்தில்.

வாசல்வரை போய்த் திரும்பினார்.
"அந்தத் துண்டுல மிச்சம் இன்னும் இருக்கா?"
இருக்கிறது, குளிர்பெட்டியில்.
"கரண்டு போனா?"
ஜெனரேட்டர் இருக்கிறது, தானாகவே ஓடும் என்றேன்.

தலையாட்டினார், நம்பாமல்.

"ராத்திரி யாராவது
போயிப் பாப்பாகளா?"