சுனை பட்ட இடம்

கம்பெனிச் சாப்பாட்டு ஹாலில்
சனிக்கிழமை மதியம்
ஆணியடித்து மாட்டினார்கள் அந்த மனிதனை.
தோல் இல்லை, முகம் இல்லை,
உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி.
காதுக்குக் கீழே, காரையெலும்புக் குழியில்,
முழங்கை மடிப்பில், கட்டைவிரல் கவட்டையில்
என்று எண்ணிக்கொண்டே வந்து
அறுபதில் விட்டுவிட்டேன்.
சாம்பார் வாசனை அடித்தது அவன்மேல்.

மாஸ்டர் ஓசூரிலிருந்து வந்திருந்தார்.
கூட ஒரு பையன்.
பையன் கையை நீட்டுவான்,
மாஸ்டர் இரண்டு விரலால் தொடுவார்,
பையன் முட்டி போடுவான்.
கைதட்டினோம்.
"பலமே வேணாம்மா, வர்மம்.
இடம் தெரிஞ்சா போதும்."

நாகவேணிதான் கேட்டாள்:
"அவன் சும்மா நிக்கறான் சார்.
ஆடற ஆளுக்கு எங்க அமுக்கறது?"
மாஸ்டர் சிரித்தார்.
ஹெச்.ஆர். மேடம் மணி பார்த்தார்.

அப்புறம் ஒரு வாரம்
கன்வேயர் நிற்கும்போதெல்லாம்
ஒருத்தி கையை ஒருத்தி அமுக்கிப் பார்த்தோம்.
சாக்கம்மாவின் முழங்கையில் எனக்கு ஒன்று கிடைத்தது.
துள்ளினாள், ஒரு கூடை கிளிமூக்கு தரையில் உருண்டது,
அரைநாள் கூலி போயிற்று.
என் உடம்பில் அவள் தேடினாள்.
எங்கே தொட்டாலும்
பத்து மணி நேரம் நின்ற வலிதான்.
தனியாக ஒரு புள்ளி இல்லை.

ஆனி மாதம். இரவு பதினொன்றே முக்கால்.
காவேரிப்பட்டணம் தாண்டி எங்கள் ஊர்ப் பிரிவில்
வேன் இறக்கிவிட்டுப் போனது.
பைக்கை அணைத்துவிட்டு நின்றிருந்தான்.
பெயர் தெரியும்.
கேஸ் நடக்கிறது, இங்கே வேண்டாம்.

தோளைத் தொட்டான். கழுத்தைத் தொட்டான்.
இடது மணிக்கட்டைப் பிடித்தான்.
சத்தியமாக அப்போது
அந்தப் புள்ளி மனிதன் கண்முன் வந்தான்.
காதுக்குக் கீழே என்று நினைத்தேன்.
இவன் ஹெல்மெட் போட்டிருந்தான்.
படத்தில் யாரும் ஹெல்மெட் போடவில்லை.
காரையெலும்புக் குழி எங்கே?
காலர். பட்டன். ஒரு சங்கிலி.
என் விரல்கள்
தொட்ட மரவட்டையாய்ச் சுருண்டன.
அறுபதில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை.

அன்று முழுக்கக் காம்பு கிள்ளும் வேலை.
சுனை பட்டு மணிக்கட்டு வெந்திருந்தது.
வேனில் சாக்கம்மா
தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைக்
கவிழ்த்துத் தேய்த்துவிட்டிருந்தாள்.
பிடி வழுக்கியது.
அவ்வளவுதான். குளத்து விரால் மாதிரி
என் கை என்னிடமே வந்தது.
இன்னொரு கையில் டிபன் பாக்ஸ்.
அது விழுந்த இடம்
அவன் முழங்காலா, பைக் கண்ணாடியா, தெரியாது.
கத்தினேன் என்கிறார்கள்
கோழிப்பண்ணையிலிருந்து ஓடிவந்தவர்கள்.
எனக்குக் கேட்கவில்லை.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா ஒரு காகிதம் எடுத்தார்.
அதிலும் ஓர் உருவம், முன்பக்கம், பின்பக்கம்.
தோல் இல்லை, முகம் இல்லை.
"எங்கெங்கே?"
மணிக்கட்டு. ஒரு புள்ளி வைத்தார்.
தோள். புள்ளி.
பின்கழுத்து (அதைச் சொல்லக் கொஞ்ச நேரமானது),
புள்ளி.
விளக்கடியில் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.
"இது அவன் பிடிச்ச தடமா,
சுனை பட்ட புண்ணா?"
ரெண்டும்தான் மேடம் என்றேன்.
எழுத ஒரே கட்டம் இருந்தது.

சீசன் முடியும் முன்
மாஸ்டர் மறுபடி வந்தார்.
அதே ஆணி, அதே படம், அதே பையன்.
வாட்ச்மேனிடம் வாங்கி வைத்திருந்த ஹெல்மெட்டை
மேசைமேல் வைத்தேன்.
"இதை அந்தத் தம்பிக்கு மாட்டுங்க சார்.
அசையச் சொல்லுங்க.
நாகவேணி, லைட்டை அணைடி.
சாக்கம்மா, அந்த எண்ணெய் பாட்டிலைக் கொடு."